இடையில் எடுத்த பாட்டில்

ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சர்வேயரம்மாவின் மடியில் கைப்பை, என் மடியில் தடித்த கோப்பு ஒன்று. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நாங்கள் கொடுத்த பாட்டிலை வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. பாட்டிலில் இருந்தது ரத்தம் இல்லை, கார் இன்ஜினில் ஓடிய பழைய ஆயில். எரிந்துபோன கார் ஒன்றின் அடிவயிற்றிலிருந்து, நேற்று சேற்றில் மல்லாந்து படுத்து நானே பிடித்தது. ஆயிலும் கிடைத்தது, சட்டையும் போய்ச் சேர்ந்தது.

துப்பறிகிற வேலை சினிமா மாதிரி இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கும். இடைவேளையில் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்போமே, அந்தப் பகுதி மட்டும்.

சர்வேயரம்மா இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்ட பிறகும் நொறுங்கினதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதனால் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவி. அதற்கு முன் பழைய கார் விற்றேன். சரியாகச் சொன்னால் பொய் விற்றேன், கார் இலவச இணைப்பு.

பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில், கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் ஒரு சின்னக் கார் விழுந்து எரிந்தது. உள்ளே ஓர் ஆண். முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நம்பர் பிளேட்டும் இன்ஜின் நம்பரும் தராசுக்காரருடைய வண்டி என்று சொல்லின. கடை கடையாகப் போய்த் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது அந்த மனிதரின் வேலை. திருப்பத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார், விபத்து என்று போலீஸ் எழுதிவிட்டது. சந்தேகம் இருக்கக் கூடாதென்று அவருடைய தம்பியின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஆறு வாரம்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். எங்களிடம் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது அவர்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. ஆறு வாரம் என்னால இப்படி உட்கார முடியாது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவர் கொடுத்த கோப்புதான் என் மடியில் இருந்தது. தராசுக்காரர் தன் சின்னக் காருக்கு உயர்ந்த ரக சிந்தெடிக் ஆயில் ஊற்றுகிறவர். மற்றவர்கள் ஆயில் மாற்றினால் பழையதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். இவர் அதில் ஒரு சின்ன பாட்டில் பிடித்துத் தரச் சொல்லி வாங்கி இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார். இன்ஜினுக்குள் எது தேய்ந்தாலும் அந்த உலோகம் பொடியாக ஆயிலில் வந்து நிற்குமாம். ஒன்பது வருடமாக ஓர் அறிக்கைகூடத் தவறவில்லை. எடை பார்க்கும் மிஷினில் ஏறினால்கூட இறங்கி இன்னொரு தடவை ஏறிப் பார்ப்பார் என்று மனைவி சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டார்.

குவாரிக்குள் கார் மூக்கு குத்தி விழுந்த இடம் சேறு. பின்பக்கம் முழுக்க எரிந்தும் இன்ஜினின் அடிப்பகுதி தப்பித்திருந்தது. ஆயிலும் தப்பித்திருந்தது. பழைய அறிக்கைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சர்வேயரம்மாவுக்குத் தோன்றியது. போலீசுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு நம்பர் போதும்.

கதவைத் திறந்துகொண்டு லேப்காரர் ஒரு தாளோடு வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம்.

"உங்க கோப்புல இருக்கிற இன்ஜினும் இதுவும் ஒண்ணு இல்ல," என்றார். "அது குழந்தை மாதிரி வளர்த்த இன்ஜின். தேய்மானமே கிடையாது. இதுல பேரிங் உலோகம் கன்னாபின்னான்னு இருக்கு. ஒரு தடவை ஆயிலே இல்லாம ஓடியிருக்கு. அப்புறம் யாரோ அவசரத்துல ஒட்டுப் போட்டு ஓட வெச்சிருக்காங்க."

கடைசி அறிக்கைக்குப் பிறகு ஆறு மாதம் ஆகியிருக்கிறதே, அதற்குள் கெட்டுப்போயிருக்காதா என்று கேட்டேன். ஆறு மாசத்துல எவனுக்காவது இருபது வயசு கூடுமா என்று திருப்பிக் கேட்டார். சர்வேயரம்மா வேறு கேள்வி கேட்டார். இன்ஜினை விடுங்கள், ஆயில் எப்படிப்பட்ட ஆயில் என்று. அதற்கு இன்னொரு தாள் வரும், பத்து நிமிடம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு லேப்காரர் உள்ளே போனார்.

அந்தப் பத்து நிமிடம்தான் நான் உட்காராமல் போனது.

என் கணக்கு சுத்தமாக இருந்தது. இன்ஜின் அவருடையது இல்லை. அப்படியானால் கார் அவருடையது இல்லை. நம்பர் பிளேட்டை எவனும் மாட்டலாம். இன்ஜின் நம்பரை இரும்பு அச்சு வைத்து எவனும் அடிக்கலாம், என் பழைய தொழிலில் அதைச் செய்கிற ஆட்களோடு சாப்பிட்டிருக்கிறேன். யாரோ அவர் காருக்கு இரட்டைப் பிறவி ஒன்றைத் தயார் பண்ணியிருக்கிறான். கார் அவருடையது இல்லை என்றால் உள்ளே கருகியவரும் அவர் இல்லை.

டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். வாங்குவதற்கு முன் தராசுக்காரரின் மனைவிக்குப் போன் பண்ணினேன். பன்னிரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிற மனுஷியைப் பதின்மூன்றாவது நாளும் ஏன் உட்கார வைக்க வேண்டும்? எரிந்தது உங்க வீட்டுக்காரர் வண்டி இல்லம்மா என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார். அப்புறம் போனை வைக்கக்கூட மறந்துவிட்டு யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் டீ வாங்கினதில்லை.

திரும்பி வந்தபோது சர்வேயரம்மாவின் கையில் மூன்று தாள் இருந்தன. என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தார்.

"யாருக்குப் பேசினே?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையிலிருந்த இரண்டு டீயையும் வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தார்.

இரண்டாவது தாளைக் காட்டினார். ஒவ்வொரு கம்பெனி ஆயிலுக்கும் ஒரு கைமணம் உண்டாம், என்னென்ன சேர்க்கிறார்கள் என்பது அளவோடு தெரியும். எரிந்த வண்டியில் இருந்தது தராசுக்காரர் தேடிப் பிடித்து ஊற்றுகிற அதே சிந்தெடிக். இந்தக் கூடத்துக்கு அந்த ஆயிலை அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது தாள் அதைவிட மோசம். லேப்காரர் பதிவேட்டைப் புரட்டியதில், கோப்புக்கு வந்து சேராத இன்னொரு பாட்டில் அகப்பட்டது. விபத்துக்கு ஒரு வாரம் முன்பு தராசுக்காரரே அனுப்பியது. பாட்டில்மேல் மணி மணியான கையெழுத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், கீழே 'இடையில் எடுத்தது' என்று ஒரு குறிப்பு. அதிலும் இதே கெட்டுப்போன இன்ஜினின் பொடி. ஒன்பது வருடப் பழக்கம் என்பதால், அந்த வாரம் லேப்காரருக்குப் பதில் வேலை பார்த்தவர் வியாழக்கிழமை காலை தராசுக்காரருக்குப் போன் பண்ணி, பாட்டில் மாறிவிட்டதா சார் என்று கேட்டிருக்கிறார். நான் விசாரிச்சுச் சொல்றேன் என்று தராசுக்காரர் பதில் சொல்லியிருக்கிறார். வியாழன் சாயங்காலம் கார் எரிந்தது.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ வண்டி..."

"அவர் வண்டிதான். இன்ஜின்தான் வேற. அவர் ஓட்டிக்கிட்டு இருந்தப்பவே வேற."

உள்ளே இருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் அந்த டீயைக் குடிக்கவில்லை.

வண்டியில் போகும்போது சர்வேயரம்மா பேசிக்கொண்டே வந்தார். நான் ஓட்டினேன். நல்ல இன்ஜினைத் திருடுகிறவன் பதிலுக்கு வைக்கிற ஓட்டை இன்ஜினில் கையில் கிடைத்த மட்டமான ஆயிலை ஊற்றுவான். இவன் அப்படிச் செய்யவில்லை. அந்த மனிதர் வாராவாரம் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை இழுத்து நிறம் பார்ப்பார், மோந்து பார்ப்பார் என்று தெரிந்தவன். ஆயில் மாறினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தவன். இன்ஜினைத் திருடியவனுக்கு ஆயிலில் மட்டும் அவ்வளவு நேர்மை.

"அந்த 'இடையில் எடுத்தது'?" என்றேன்.

வழக்கமான பாட்டிலை ஆயில் மாற்றும்போது, கீழே வடிகிறதிலிருந்து மெக்கானிக் பிடித்துக் கொடுப்பார். அந்த பாட்டிலில் எதை நிரப்புவது என்பது மெக்கானிக் கையில் இருக்கிறது. இது அப்படி எடுத்ததில்லை. இரண்டு ஆயில் மாற்றத்துக்கு நடுவில், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒரு சிரிஞ்சால் அவரே உறிஞ்சி எடுத்தது. தராசைச் சோதிக்கிறவர் சொல்லிவிட்டா போய்ச் சோதிப்பார்?

"கோப்புல முதல் தாளைப் பாரு," என்றார் சர்வேயரம்மா. "பாட்டில் பிடிச்சுக் குடுத்த ஒர்க் ஷாப் முத்திரை இருக்கும்."

சிக்னலில் நின்றபோது பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போடச் சொன்னார். இந்தத் தடவை முழுசாகச் சொல்லு என்றார். முழுசாகச் சொன்னேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொன்னேன்.

வீடு இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்ததும் சட்டைகளைத்தான் பார்த்தேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தவை. இப்போது பெட்டி காலி. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். முகம் கழுவி, பொட்டு வைத்து, பத்து வயது குறைந்திருந்தார். வாங்க வாங்க என்றார். எங்கேயாவது அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பார், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்க்க வேண்டும், தம்பிகூட வந்துவிட்டார் என்றார்.

ஜன்னல் ஓரத்தில் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தார். தராசுக்காரரின் கூடப் பிறந்தவர், மெக்கானிக். நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. அண்ணன் போன நாளிலிருந்து தினமும் வந்து அண்ணிக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்து, ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணி விட்டுப் போகிறவர். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

சர்வேயரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் வண்டிக்கு யார் ஆயில் மாற்றுவது என்று சாதாரணமாகக் கேட்டார். நான்தான் என்றார் அவர். கோப்பில் நான் பார்த்த முத்திரையும் அவர் கடையுடையதுதான். அந்த சிந்தெடிக்கை வேறு யாருக்காவது ஊற்றுவீர்களா என்று கேட்டார்.

"இல்லம்மா. அது அண்ணனுக்குன்னே வாங்குறது. தனி அலமாரியில வெச்சுப் பூட்டி வெச்சிருக்கேன். என் கடைப் பசங்களுக்குக்கூடச் சாவி கிடையாது."

சொல்லும்போது குரலில் தொழில்காரனின் பெருமை இருந்தது. சொல்லி முடித்ததும் அது போய்விட்டது.

"அண்ணன் உயிரோட இருக்கார்னு சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க," என்றார் சர்வேயரம்மா. "வந்ததுலேர்ந்து அவர் எங்கே இருப்பார்னு நீங்க ஒரு வார்த்தை கேட்கலையே."

அந்த அம்மா கையில் சட்டையோடு எங்களைப் பார்த்தார். தம்பிக்கு அதிகம் பேச வராது மேடம் என்றார்.

சர்வேயரம்மா மூன்று தாளையும் கட்டிலில் விரித்தார். வழக்கமாக ஒன்றரை வரியில் முடித்துவிடுகிறவர், அந்த அம்மாவுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வண்டி உங்கள் கணவருடையதுதான். இன்ஜின் முன்பே மாற்றப்பட்டது. மாற்றியவர் பழைய நம்பரையே புதிதில் அடித்து, உங்கள் கணவரின் ஆயிலையே ஊற்றியிருக்கிறார். அது உங்கள் கணவருக்குத் தெரியவந்த அன்றுதான் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. இவர் போனில் சொன்னது பாதிதான், தப்பு எங்கள் பக்கம். 'இவர்' என்றபோது என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா தாள்களைப் பார்க்கவில்லை. கொழுந்தனைப் பார்த்தார்.

"தம்பி?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு போல்ட்டு அண்ணி," என்றார். "ஒரே ஒரு போல்ட்டு."

பிறகு தானாகவே வந்தது. அண்ணன் வைத்திருக்கிற அதே மாடல் கார், ஒரு கஸ்டமருடையது, ஆயில் மாற்ற வந்தது. ஆயிலை வடிக்க அடியில் இருக்கிற ட்ரெயின் போல்ட்டைத் திரும்ப வைத்துக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போடுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். போனவர் மறந்துவிட்டார். வண்டி வெளியே போய், போல்ட் கழன்று, ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. தொழில் பழகவந்த முதல் வாரத்தில்கூட எவனும் செய்யாத தப்பு. இருபது வருடம் இந்தக் கையால் சாப்பிட்டவன், போல்ட்டை முறுக்க மறந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன் என்றார். கஸ்டமரிடம் சின்ன ரிப்பேர் என்று சொன்னார். அப்போது அண்ணன் கார் சர்வீசுக்கு வந்து கடையில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு இன்ஜினையும் மாற்றி மாட்டினார். நல்லது கஸ்டமருக்குப் போனது. ஒட்டுப் போட்டது அண்ணனுக்கு வந்தது. கொஞ்ச நாளில் வேறு இன்ஜின் தேடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம். பாட்டில் தன் கை வழியாகத்தானே போகும் என்று தைரியமாக இருந்தாராம்.

"அன்னிக்குக் கடைக்கு வந்து கேட்டப்போ அண்ணன் கோபப்படக்கூட இல்ல," என்றார். "சரி விடுடா, மனுஷன்னா மறக்கிறதுதான், வா, ரெண்டு பேரும் போய் அந்தக் கஸ்டமர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வரலாம்னு என் கையைப் பிடிச்சு இழுத்தார். நான் உதறினேன். பின்னால, வண்டிக்கு அடியில நின்னு வேலை பாக்குற சர்வீஸ் குழி. அதுல விழுந்துட்டார்."

அறையில் குழாய் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. அவர்தான் அதைச் சரிபண்ணிவிட்டாரே.

சர்வேயரம்மா அடுத்ததைக் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன். யாரையும் கேட்க விட்டிருக்கவும் மாட்டேன்.

"வண்டியில தூக்கி வெச்சப்போ மூச்சு இருந்துச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்வேயரம்மா இரண்டாவது தடவை கேட்கவில்லை. அந்த அம்மா ஹேங்கரை மட்டும் கட்டிலில் வைத்தார், சட்டை கையிலேயே இருந்தது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும் இரண்டு பேரும் வந்தார்கள். மெக்கானிக் தகராறு பண்ணவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, அண்ணி, சமையல்கட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கி மேல வெச்சிருக்கேன் என்றார். பழக்கதோஷம். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு நாங்கள் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. சர்வேயரம்மா, பக்கத்தில் யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்று கேட்டார். தங்கை வருவாள் என்றார் அந்த அம்மா. அப்புறம், ஞாபகம் வந்த மாதிரி, அந்தக் கஸ்டமர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். கண்டுபிடிக்கலாம் என்றோம்.

"அவங்ககிட்ட எந்த ஆயில் ஊத்தணும்னு சொல்லிடுங்க. மாத்தி ஊத்தினா அவருக்குப் பிடிக்காது."

சரி என்றார் சர்வேயரம்மா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

ஹேங்கரில் மாட்டிய சட்டைகளை அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். பெட்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க போன் வந்தப்புறம் ஒரு மணி நேரம் அவர் உயிரோட இருந்தார் சார்," என்றார் அவர், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல ரெண்டு பட்டன் போயிருந்துச்சு. தெச்சு வெச்சேன்."

பட்டன் தைத்த அந்தச் சட்டையைக் கடைசியாக மேலே வைத்துப் பெட்டியை மூடினார். நான் கயிறு கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் யாருக்கும் போனில் நல்ல செய்தி சொல்வதில்லை.